மூணாம் வகுப்புல கூவின அஞ்சு சேவல்

படுத்தாச்சா கண்ணு? கதைக்கு முன்னாடி ஒரு பெரிய தப்பைத் திருத்தணும். சேவல் 'கொக்கரக்கோ'ன்னு கூவும்னு உன்கிட்ட யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. பாடப் புத்தகம் எழுதுற படிச்சவங்களே நம்புறாங்க. அது தப்பு. ஆதாரத்தோட சொல்றேன், ம் கொட்டு.

ம்.

ஒரு ஊர்ல ஒரு மூணாம் வகுப்பு இருந்துச்சு. இங்கிலீஷ் மீடியம். பனியன் கம்பெனி ஊரு அது. நாலா திசையிலேருந்தும் வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்கதான் அங்க படிச்சுது. தரணீஷ் உள்ளூர்க்காரன். நாகலட்சுமி ஆந்திரா. ரௌஷன் பீகார். எல்லாருக்கும் டீச்சர் பரிமளம்.

அப்போ ஜூன் மாசம் புதுசா ஒருத்தி வந்தா. பேரு சுன்மாயா. எட்டு வயசு, ரெட்டைச் சடை, கம்பெனி வாச்மேன் மக. அவ வாயைத் திறக்கவே இல்ல. ஜூலை போச்சு. ஆகஸ்ட் போச்சு. கப்சிப்.

அப்புறம் ஹெட்மாஸ்டர் வந்தார். "டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன். அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லணும். இல்லேன்னா ஒண்ணாம் வகுப்புல போட்டுருங்க"ன்னார். ஒண்ணாம் வகுப்புல யாரு இருக்கா தெரியுமா? அவளோட தம்பி! தம்பி பக்கத்துல அக்கா உக்காந்து 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லணும்.

ஐயோ.

ஐயோதான். அதுக்கு டீச்சர் மூணு வழி பார்த்தாங்க. முதல்ல, இங்கிலீஷைச் சத்தமா சொன்னாங்க. புரியலேன்னா எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. "வாட் இஸ் யுவர் நேஏஏம்?" ஜன்னல் கடகடன்னு ஆடுச்சு. சுன்மாயா காதைப் பொத்திக்கிட்டா.

அப்புறம் படம் காட்டினாங்க. மாம்பழம் காட்டினா தலையாட்டுவா. யானை காட்டினா தலையாட்டுவா. அட்டையைத் தலைகீழா பிடிச்சாங்க. அதுக்கும் ஆட்டினா.

மூணாவதா, "வடக்கத்திப் பிள்ளைதானே, ஹிந்தி தெரியுமே"ன்னு ரௌஷன் பக்கத்துல உக்கார வெச்சாங்க. மூணு நாளா ரெண்டு பேரும் ஒரே குசுகுசு. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கல. வியாழக்கிழமை ரௌஷன் எந்திரிச்சு நின்னான்.

"டீச்சர், அவளுக்கு ஹிந்தி தெரியாதுங்க."

"அடேய்! மூணு நாளா அப்புறம் என்னடா பேசிக்கிட்டீங்க?"

"நான்தான் பேசுனேங்க. அவ நல்லா கேப்பாங்க."

சுன்மாயா நேபாளம், கண்ணு. வடக்கேன்னா எல்லாம் ஹிந்தி இல்ல. டீச்சர் அதை அன்னைக்குத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

ம்...

வெள்ளிக்கிழமை வந்துச்சு. பாடத்துல ஒரு சேவல் படம். டீச்சர் படிச்சாங்க. "தி காக் செஸ், காக்-அ-டூடுல்-டூ."

தரணீஷ் கெக்கெக்கேன்னு சிரிச்சான். "டீச்சர், புக்கு தப்புங்க. அது கொக்கரக்கோன்னுதான் கூவும்!"

"இல்ல! குக்டூ கூ!"ன்னான் ரௌஷன்.

"போடா, உங்க ஊருச் சேவலுக்குச் சளி. கொக்கொரொகோ!"ன்னா நாகலட்சுமி.

அப்புறம் என்ன, டெஸ்க்கெல்லாம் டமடமடம. டீச்சர் 'சைலன்ஸ்'னு கத்தக் கையைத் தூக்கினாங்க. தூக்கின கை அப்படியே நின்னுச்சு. ஏன்னா, கடைசி பெஞ்சுல ரெட்டைச் சடை எழுந்து நின்னுச்சு.

"நோ!"

வகுப்பே திரும்பிப் பார்த்துச்சு.

"நோ! குகுரீ... காஆஆ!"

அந்த நேரம் பார்த்து, பின்வீட்டு ஓட்டு மேலேருந்து நிஜச் சேவல் ஒண்ணு கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவுச்சு பாரு. இருபத்தேழு பிள்ளைங்களும் மூச்சைப் பிடிச்சுக் கேட்டாங்க. கேட்டுட்டு இருபத்தேழு பேரும் ஒண்ணா, "பாத்தியா! நான் சொன்னேன்ல!"ன்னாங்க.

ஒரே சேவல், ஒரே தொண்டை. ஆனா ஒவ்வொரு காதுலயும் ஒரு ஊரு விடியுது. இத்தனை ஊரும் தன் எதிர்லயே உக்காந்திருந்ததை டீச்சர் அன்னைக்குத்தான் பார்த்தாங்க.

அப்புறம் டீச்சர் அஞ்சு கூவலையும் போர்டுல எழுதினாங்க. எதையும் அழிக்கல. அதுக்கு மேல இங்கிலீஷ்ல ஒரு வரி. "இன் மை வில்லேஜ், தி காக் செஸ்..." மிச்சத்தை அவங்கவங்க ஊரு சொல்லணும். "இன் யுவர் வில்லேஜ்?"னு டீச்சர் கேக்க, ஒவ்வொருத்தரா எந்திரிச்சுக் கூவினாங்க. சுன்மாயா முறை வந்துச்சு. "இன்... மை வில்லேஜ்... தி காக் செஸ்... குகுரீ காஆஆ!"

கதவு படார்னு திறந்துச்சு. ஹெட்மாஸ்டர்! கையில அவளை ஒண்ணாம் வகுப்புக்கு மாத்துற தாள். "என்ன டீச்சரம்மா, பள்ளிக்கூடமா கோழிப்பண்ணையா இது?"

டீச்சர் வாயைத் திறக்கிறதுக்குள்ள சுன்மாயா அவரை நிமிந்து பார்த்தா. "சார்! இன் யுவர் வில்லேஜ்?"

அவளை யாரும் கேக்கச் சொல்லல கண்ணு. அவளே கேட்டா.

ஹெட்மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். கதவை மெதுவா சாத்தினார். தொண்டையைக் கனைச்சார். "இன் மை வில்லேஜ்... கொக்கரக்கோ."

கூவிட்டுத் தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில சொருகினார். "இவ இங்கயே இருக்கட்டும்"னுட்டுப் போயிட்டார்.

அவ்வளவுதான், கதை போர்வைக்குள்ள போயிருச்சு, நீயும் போ. தூங்கு.

என்ன, அப்புறமா? அப்புறம் ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை டீச்சர் ஆபீசுக்குப் போயிருந்தப்போ, வகுப்புல பேசினவங்க பேரை லீடர் போர்டுல எழுதினான். முதல் பேரு சுன்மாயா.