சுண்டுவிரல் நுழையாத வலை

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் வாய் பேச வந்தது. பேசியதைக் கேட்க மனிதருக்குக் காதும் இருந்தது. கேட்டார்களா என்பதுதான் இந்தக் கதை.

மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு ஒன்று, மடுவங்கரை என்ற மீனவர் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கோடை வந்தால் ஆறு வற்றிக் குட்டை குட்டையாக நின்றுவிடும். பெரிய கெண்டைத் தாய்மீன்கள் வயிறு நிறையச் சினையோடு அந்தக் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். அவை செத்துப்போனால் அடுத்த மழைக்கு ஆற்றில் குஞ்சு கிடையாது. குஞ்சு இல்லையென்றால் மடுவங்கரையில் அடுப்பு எரியாது. அதனால் ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, தாய்மீன்களை வலையால் தூக்கி, பக்கத்திலேயே இருந்த வற்றாத பெருமடுவில் கொண்டுபோய் விடுவார்கள். தாய்மீன் ஏற்றம் என்று அதற்குப் பெயர். மேளம் உண்டு, குலவை உண்டு, முடிந்ததும் பொங்கல் உண்டு. பிழைப்புக்குச் செய்கிற காரியத்தைப் புண்ணியத்துக்குச் செய்வதாக ஊரே சொல்லிக்கொண்டது.

வெள்ளாச்சி என்ற தாய்மீன் இந்தப் புண்ணியத்தைப் பலமுறை அனுபவித்தவள். நிமிர்த்தி வைத்தால் ஆளின் இடுப்புக்கு வருவாள். மேளச் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு பதறும்.

பதறாமல் என்ன செய்யும்? குட்டையின் அடியில் ஆளை விழுங்கும் சேறு. யாரும் இறங்க முடியாது. கரைப் பாறையில் நின்றபடி, நீளக் கழியின் நுனியில் வளையம் கட்டிய கைவலையால்தான் மீனைத் தூக்கவேண்டும். அந்த வலையைப் பின்னியவன் மாசாணன். தென்னை நார்க் கயிறு. ஒவ்வொரு கண்ணும் ஒரு கை நுழையும் அகலம். கண்ணுக்கு நாலு மூலையிலும் நெருஞ்சி மாதிரி முடிச்சு. தூக்கியதும் தண்ணீர் சடசடவென்று இறங்கிவிடும், கழி கனக்காது, கயிறும் மிச்சம். தூக்குகிறவனுக்கு எல்லாம் சௌகரியம். தூக்கப்படுகிறவளை யார் கேட்டார்கள்?

வலைக்குள் மீன் துள்ளும். துள்ளினால் துடுப்பு கண் வழியாக வெளியே போகும். வெளியே போன துடுப்பு திரும்பி வரும்போது கிழிந்து வரும். செவுள் மூடியில் கயிறு மாட்டும். முடிச்சுகள் உடம்பை அராவி, மேலே இருக்கிற வழுவழுப்பை வழித்துவிடும். அந்த வழுவழுப்புதான் மீனுக்குத் துணிமணி, மருந்து, எல்லாம். அது போன இடத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் புண் பூக்கும். இதெல்லாம் போதாதென்று, வலை காலையிலிருந்து பாறை வெயிலில் காய்ந்து கிடக்கும்.

சென்ற ஆண்டு ஏற்றத்தில் வெள்ளாச்சியின் தங்கை சின்னாச்சியின் வால் இரண்டாகக் கிழிந்தது. பெருமடுவில் விழுந்தவள் நீரை எதிர்த்து நிற்க முடியாமல் சாய்ந்து சாய்ந்து நீந்தினாள். பிறகு விலாவில் வெள்ளை பூத்தது. மழை வருவதற்குள், வயிற்றில் இருந்த சினையோடு மிதந்துவிட்டாள். ஊரார் வந்து பார்த்தார்கள்.

"அதோட ஆயுசு அம்புட்டுத்தான்," என்றான் மாசாணன். "நாம உசுரோடதான விட்டோம்."

அந்தச் சொல் வெள்ளாச்சியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. கொன்று தின்றிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கொன்றுவிட்டு, காப்பாற்றினோம் என்று பொங்கல் வைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த ஆண்டு மறுபடியும் குட்டையில் மாட்டியபோது, வாயை மூடிக்கொண்டு தூக்கப்படுவதில்லை என்று முடிவு செய்தாள்.

ஏற்றத்துக்கு முன்தினம் மாசாணன் வலையைச் சரிபார்க்க வந்தான். வெள்ளாச்சி தலையைத் தூக்கினாள்.

"மாசாணா, அந்த வலை வேண்டாம்ப்பா."

"என்ன ஆத்தா, போன வருசமும் இதுலதான ஏறுன?"

"ஏறுனேன். என் முதுகுத் துடுப்பைப் பாரு, பல்லுப்போன சீப்பு மாதிரி இருக்கு. பருத்தி நூல்ல, சின்னச் சின்னக் கண்ணா ஒரு வலை பின்னு. முடிச்சு வேண்டாம். தூக்குறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சுக்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

மாசாணன் சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

"இம்மாம் பெரிய மீனுக்குச் சின்னக் கண்ணா? தண்ணி இறங்காது ஆத்தா, எங்க தோள்பட்டை கழண்டுரும். உனக்குத்தான் உடம்பெல்லாம் செதிலு இருக்கே. கயிறு பட்டா உனக்கு என்ன தெரியப்போவுது?"

"என் தங்கச்சி செத்தது தெரியுமா உனக்கு?"

"விட்டதுக்கப்புறம் செத்தா அதுக்கு நாங்க என்ன பண்ணுறது? உங்களை நாங்க கொன்னோமா, தின்னோமா? காப்பாத்துறவன்கிட்டயே குத்தம் கண்டுபிடிக்கிறியே."

வெள்ளாச்சிக்கு வாயில் வந்த பேச்சு அத்தனையும் வசவாக இருந்தது. சேற்றோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மேளம் வந்தது. ஊரே பாறை மேல் கூடியது. மாசாணனின் மனைவி கொளஞ்சி, தவழ்கிற மகள் செவந்தியை இறக்கி வைத்துவிட்டுப் பொங்கல் பானைக்கு அடுப்புக் கூட்டினாள். எல்லோர் கண்ணும் மேளத்தின் மேல் இருந்தது. பிள்ளை பாறையின் சரிவில் தவழ்ந்து போய், வழுக்கி, குட்டைக்குள் விழுந்தது.

சத்தம் முதலில் கேட்டது வெள்ளாச்சிக்குத்தான். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சின்னாச்சி நினைவுக்கு வந்திருப்பாள். விருட்டென்று போய்ப் பிள்ளைக்கு அடியில் நுழைந்து முதுகைக் கொடுத்தாள். பிள்ளை இருமிக்கொண்டே அவள் முதுகில் குப்புறக் கிடந்தது. அப்படியே பாறையோரம் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆனால் சரிவுக்குக் கீழே பாறை செங்குத்து. தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. பிள்ளையின் இருமல் கேட்டு ஓடிவந்தவர்களுக்கு மேலிருந்து கை எட்டவில்லை. சேற்றில் குதித்தவன் மேலே வரப்போவதும் இல்லை.

யாரோ ஒருவன் ஓடிப்போய்க் கைவலையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

"டேய், அந்த வலை வேண்டாம்டா," என்று மாசாணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "கண்ணு பெரிசு, பிள்ளை கை வெளிய போயி முறுக்கிக்கும். முடிச்சு உரசுனா தோலு கிழிஞ்சிரும். வெயில்ல வேற காஞ்சு கிடக்கு. கொளஞ்சி, மெத்துன்னு துணி ஏதாச்சும் குடு."

கொளஞ்சி பிள்ளைக்குத் தூளி கட்டும் பழைய பருத்திச் சேலையை எறிந்தாள். மாசாணன் வளையத்திலிருந்து கயிற்று வலையை அறுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சேலையை வளையத்தில் கட்டினான். இரண்டு பேர் கழியைப் பிடித்துச் சேலையைத் தண்ணீரில் இறக்கினார்கள். வெள்ளாச்சி பிள்ளையை அதற்குள் மெதுவாகச் சரித்துவிட்டாள். தண்ணீர் வடியாமல் சேலை கல்லாகக் கனத்தது. யாருடைய தோள்பட்டையும் கழலவில்லை.

செவந்தி ஒரு கீறல் இல்லாமல் தாயின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். மாசாணன் பாறையில் மண்டியிட்டு, குட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆத்தா, எங்குலத்தைக் காப்பாத்திட்ட."

"கையை இறக்கு," என்றாள் வெள்ளாச்சி. "எனக்கு உன் கும்பிடு வேண்டாம். கண்ணு பெரிசுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. முடிச்சு கிழிக்கும்னு தெரிஞ்சிருக்கு. காஞ்ச வலை சுடும்னு தெரிஞ்சிருக்கு. நான் நேத்து கெஞ்சுனப்போ சிரிச்சியே, தெரியாமச் சிரிக்கிறான்னு நினைச்சு மனசை ஆத்திக்கிட்டேன். எல்லாம் தெரிஞ்சுதான் இத்தனை வருசமும் என் கூட்டத்தை அதுல போட்டு அள்ளியிருக்க."

மேளக்காரன் கோலை மடியில் வைத்துவிட்டான்.

"உம் பிள்ளையை அந்த வலையில தூக்கி, கை முறிஞ்சு, தோலு போயி, நாலு நாள் கழிச்சு அது செத்திருந்தா, உசுரோடதான தூக்குனோம்னு சொல்லிருப்பியா? பொங்கல் வச்சிருப்பியா?"

கொளஞ்சி எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே, அறுந்து கிடந்த கயிற்று வலையைக் காலால் தள்ளிக்கொண்டு போய்ப் பொங்கல் அடுப்புக்குள் செருகினாள். புருஷனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறிக்க ஆத்தா," என்று சேலையை மறுபடி நனைத்து இறக்கச் சொன்னாள்.

வெள்ளாச்சியை அன்று அந்தத் தூளிச் சேலையில் தூக்கினார்கள். முன்பெல்லாம் செய்ததுபோல் பெருமடுவில் வீசி எறியவில்லை. மாசாணன் இடுப்பளவு நீரில் நின்று, அவளுக்கு மூச்சு சீராகி அவளாகக் கிளம்பும்வரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தான். துடுப்பு ஒன்றும் கிழியவில்லை. அவள் நன்றி சொல்லாமல் போனாள். இத்தனை காலம் செய்திருக்கவேண்டியதை இன்றைக்குச் செய்ததற்கு நன்றி எதற்கு? மனிதரோடு அவள் பேசியது அதுதான் கடைசி. அவள் பேசாததால் மற்ற மீன்களும் பேச்சை விட்டன.

சேலையில் எல்லா மீனையும் தூக்கினால் கை ஓய்ந்துவிடும் என்று, மறு ஆண்டுக்குள் கொளஞ்சி ஒரு வலை செய்தாள். மெல்லிய பருத்தி நூல். முடிச்சே போடாமல், சடை பின்னுவதுபோல் நூலுக்குள் நூல் விட்டுப் பின்னியது. தண்ணீர் இறங்கும், துடுப்பு நுழையாது.

அன்று முதல்தான் மடுவங்கரையில் தாய்மீனுக்கு வலை பின்னினால், அதை நனைத்து முதலில் ஒரு கைக்குழந்தையிடம் கொண்டுபோகிறார்கள். குழந்தையின் கன்னத்தில் வலையைத் தடவிப் பார்க்கிறார்கள். அதன் சுண்டுவிரலைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்கள். விரல் நுழைந்தாலோ, குழந்தை முகம் சுளித்தாலோ அந்த வலை ஆற்றுக்குப் போவதில்லை. வலிக்கிறது என்று மீன் வாய்விட்டுச் சொன்னபோது அந்த ஊருக்குக் காது கேட்கவில்லை. குழந்தை சொன்னால் இன்றும் கேட்கிறது.