ஜாடிக் கடை உலகாயி பதித்த கடல்

பாய்மரம் விரித்துத்தான் கப்பல்கள் கடலைக் கடந்த காலம் அது, கேளுங்கள். ஒரு பட்டினத்தில் சடையன், பெத்தாச்சி என்ற தம்பதி ஜாடிக் கடை வைத்திருந்தார்கள். நீலம், பச்சை, பால்வெள்ளை என்று ஜாடிகள் கப்பலில் வந்து இறங்கும். இறங்கிய வேகத்தில் உடையும். இருவருக்கும் நாளைக்கு மூன்று சண்டை. காலையில் சோறு குழைந்ததற்கு ஒன்று. மதியம் குழையாததற்கு ஒன்று. மாலையில், காலைச் சண்டையை யார் தொடங்கியது என்று ஒன்று. ஒவ்வொரு சண்டையிலும் ஜாடிகள் பறக்கும்.

அவர்களுடைய ஒரே மகள் உலகாயி. காலில் குத்தாமலிருக்கச் சில்லுகளைப் பொறுக்கினாள். பிறகு நிறம் பிரித்தாள். பிறகு ஈரச் சுண்ணாம்பில் பதித்தாள். இருபது வயதாகும்போது வீட்டுச் சுவரெல்லாம் மீன்கள் நீந்தின.

செய்தி அரசன் காதுக்கு எட்டியது. சபாமண்டபச் சுவரில் கடலைப் பதித்துத் தரும்படி அவளை அழைத்தான்.

“உன் குரு யார்?” என்று கேட்டான்.

பட்டும் பீதாம்பரமுமாகச் சபை அவளைப் பார்த்தது. வீட்டை நினைத்ததும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

“மலையில் தவம் செய்யும் ஒரு மௌன முனிவர், அரசே.”

“நல்லது. ஏழு நாள் தருகிறேன். பொய் சொன்னவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவது என் வழக்கம், தெரியுமல்லவா?”

ஒரே அளவில் அறுத்த வழவழப்பான கற்களைக் கொடுத்தார்கள். முதல் நாள் பதித்தாள், கடல் தயிர்ச்சோறு போலிருந்தது. இரண்டாம் நாள் துவையல் போலிருந்தது. மூன்றாம் நாள் அரசி வந்து பார்த்து, “யானை நன்றாக வந்திருக்கிறது” என்றாள்.

உலகாயி அரசன் காலில் விழுந்தாள். “பொய் சொல்லிவிட்டேன். முனிவர் யாரும் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் உடைத்த ஜாடிகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.”

அரசன் அவர்களை வரவழைத்தான். சபையைக் கண்டதும் இருவரும் பசுவாகிவிட்டார்கள்.

“நீங்களே சொல்லுங்க” என்றாள் பெத்தாச்சி.

“இல்லம்மா, நீயே சொல்லு” என்றார் சடையன்.

“இவர்களா சண்டை போடுவார்கள்? இதுவும் பொய்! கப்பலைத் தயார் செய்யுங்கள்!” என்று அரசன் கத்தினான்.

உலகாயி சட்டென்று பெற்றோர் பக்கம் திரும்பினாள். “போகுமுன் ஒன்று கேட்கிறேன். எனக்கு இந்தக் கைவேலை யாரால் வந்தது?”

“என்னாலதான்!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவ்வளவுதான். “உன்னாலயா?” என்று மண்டபத்தில் அழகுக்கு வைத்திருந்த ஒரு ஜாடி பறந்தது. “பின்னே உங்களாலயா?” என்று இன்னொன்று பறந்தது. மூன்றாவது பறந்தபோது அரசன் சிம்மாசனத்துக்கு அடியில் இருந்தான்.

உலகாயி மடியில் சில்லுகளை வாரிக்கொண்டாள். வளைந்தது அலையாயிற்று, கூரானது நுரையாயிற்று, பொடிந்தது மணலாயிற்று.

ஏழாம் நாள் அரசன் வந்து சுவரைத் தொட்டான். தொட்ட கை நனைந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பிறகு பல தேசத்து அரண்மனைகள் அவளை அழைத்தன. குரு யாரென்று எங்கே கேட்டாலும் பெற்றோர் பெயரையே உரக்கச் சொன்னாள்.

வளர்ந்த வீட்டை மறைக்கப் பார்ப்பவர், அங்கே கற்ற திறமையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.