கம்பி மறக்கும் தூரம்

"இதுவும் சரியில்ல, டீச்சர்" என்றார் சுயம்புலிங்கம்.

மெற்றில்டா தலை நிமிரவில்லை. அவர் விரல்களுக்கிடையே மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது.

"எது சரியில்ல, அண்ணாச்சி?"

"நீங்க சுத்திக் குடுத்த பிக்கப்புதான்."

மின்கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காதுக்குப் பிக்கப் என்று பெயர். ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி ஒற்றைச் சுருளாகச் செப்புக் கம்பி. மேலே கம்பி அதிர்ந்தால் அது கீழிருந்து கேட்டு, ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும்.

தூத்துக்குடியில் அதைச் சுற்றத் தெரிந்தவர், கிட்டார் கற்பிக்கும் மெற்றில்டா. சுயம்புலிங்கம் அவரிடம் பயின்றவர். ஒரு மெல்லிசைக் குழுவின் தலைவர். மாணவர் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். அதை இருவருமே பொருட்படுத்தியதில்லை.

"கடையில வாங்கின செட்டு கீச்சுனு கத்துச்சு. கழட்டிட்டேன். பொறவு நீங்க ஒண்ணு சுத்தித் தந்தீங்க. அதுவும் ஒத்து வரல. காந்தத்தைக் கூட்டி இன்னொண்ணு தந்தீங்க. இது அதைவிட மோசம்."

"கூட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்கு வேண்டியது என்ன?"

"பழைய சத்தம், டீச்சர். மணி மாதிரி. தட்டினா ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாத் தெரியணும். அப்படியே கரைஞ்சு போகணும்."

"இப்போ எப்படி இருக்கு?"

சுயம்புலிங்கம் சற்று யோசித்தார்.

"ரெண்டு பேரு கட்டிப்பிடிச்சு அழுத மாதிரி இருக்கு."

மெற்றில்டா சுருளைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொன்னது நீங்களா?"

"இல்ல. முத்துக்கனி."

முத்துக்கனி அக்குழுவின் பாடகி. கோயில்களில் நடக்கும் கொடை விழாக்களில் மக்கள் அவர் குரலைக் கேட்கத்தான் வந்தார்கள். கிட்டாரைக் கேட்க வந்தவர் எவரும் இல்லை. இதைச் சுயம்புலிங்கம் அறிவார். வெளியில் ஒப்புக்கொண்டதில்லை.

"என்ன சொன்னா?"

"'உங்க கிட்டாரு என் சுருதியைப் பிடிச்சு இழுக்குது, அண்ணாச்சி. இந்தக் கொடையோட முடிச்சுக்கிடுவோம். கோவில்பட்டிக் குழுவுல கூப்பிடுதாங்க, நான் போறேன்'னு சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை கொடை. அவ போனா குழு இல்ல, டீச்சர். எனக்கு நல்ல பிக்கப்பு எதுன்னு சொல்லுங்க."

"வாசிங்க."

சுயம்புலிங்கம் கிட்டாரை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். தடித்த கம்பியைக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் அழுத்தி மீட்டினார்.

ஒரு சுரம் மீட்டினார்; இரண்டு கேட்டன. அவை ஒன்றோடொன்று உரசிப் புரண்டு, நீளாமல் நின்றுபோயின.

"பிக்கப்பை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"உயரம் வச்சது?"

"அதுவும் நான்தான்." அவர் குரலில் பெருமை இருந்தது. "நல்லா ஏத்தி வச்சிருக்கேன். கம்பியில ஒட்டாத குறை. ஒரு சின்னச் சத்தம்கூட விட்டுப்போகக் கூடாதுல்லா?"

மெற்றில்டா எழுந்தார். தையல் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, நூல் கோத்து, அலமாரிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஊசி ஆடியது.

பிறகு ஒரு பிக்கப்பை எடுத்து ஊசிக்கு அடியில் கொண்டுவந்தார்.

தொலைவில் இருந்தபோது ஊசி முன்போலவே ஆடியது. கிட்ட வந்தபோது அதன் ஆட்டம் கோணியது. இன்னும் கிட்ட வந்தபோது ஊசி ஆடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, நூலை இழுத்துக்கொண்டு நின்றது.

"ஆடுதா?"

"இல்ல."

"ஊசியில குறையா?"

"இல்ல."

"நூலுல குறையா?"

"இல்லவே இல்ல. காந்தம் இழுக்குது. இந்தப் பிக்கப்பு சரியில்லாதது. இது யாருக்குச் சுத்தினது?"

"உங்களுக்குத்தான். நீங்க வேண்டாம்னு திருப்பித் தந்த செட்டு."

சுயம்புலிங்கம் ஊசியைப் பார்த்தார். பிறகு தம் கிட்டாரைப் பார்த்தார்.

"அப்போ கடையில வாங்கினது?"

"அதுவும் இழுக்கும்."

"இப்போ மாட்டியிருக்கிறது?"

"இன்னும் இழுக்கும். கூட்டச் சொன்னீங்கல்லா?"

"பொறவு நான் எதைத்தான் எடுக்க?"

மெற்றில்டா திருப்புளியை எடுத்து அவரிடம் நீட்டினார். ஒவ்வொரு பிக்கப்பின் இரு முனையிலும் ஒரு திருகாணி உண்டு. அதைத் திருகினால் பிக்கப் ஏறும், இறங்கும்.

"இறக்குங்க."

"எவ்வளவு?"

"கீழே ஒண்ணு இருக்குங்கிறதைக் கம்பி மறக்குற வரைக்கும்."

சுயம்புலிங்கம் திருகினார். மீட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"சத்தம் குறையுது, டீச்சர்."

"குறையும்."

"இப்படியே போனா எனக்கே கேக்காது."

"ஆம்ப்ளிஃபயர்ல ஒரு குமிழ் இருக்கே, அது எதுக்கு? சட்டை மாட்டவா?"

அவர் குமிழைத் திருப்பினார். மறுபடி திருகாணிகளை இறக்கினார். இறக்க மனமில்லாமல்தான் இறக்கினார். ஒவ்வொரு திருகுக்கும் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். அவர் போதும் என்று சொல்லவில்லை.

ஓரிடத்தில் சுயம்புலிங்கத்தின் கை தானாக நின்றது.

தடித்த கம்பியை மீட்டினார். ஒரு சுரம் மீட்டினார், ஒன்றுதான் கேட்டது. அது நேராகச் சென்று, நீண்டு, கரைந்தது.

அவர் அதே கம்பியை மறுபடியும் மீட்டிக் கேட்டார்.

"இப்போ தேர்ந்தெடுங்க" என்றார் மெற்றில்டா.

அன்று பிற்பகல் முழுவதும் மூன்று செட்டுகளையும் மாறிமாறி ஈயத்தால் பற்றவைத்து, அதே தொலைவில் இறக்கி வைத்துக் கேட்டார்கள். கடையில் வாங்கி, கழற்றியபின் கிட்டார்ப் பெட்டியிலேயே கிடந்தது அப்போதும் கீச்சிட்டது. காந்தம் கூட்டியது தடித்துப் பேசியது. நடுவில் திருப்பித் தந்த செட், வலிமை குறைந்த காந்தமுடையது, மணிபோல் ஒலித்தது.

"இதுதான்" என்றார் சுயம்புலிங்கம்.

"அன்னைக்கே எடுத்துட்டுப் போனீங்க."

"அன்னைக்கு எனக்குக் கேக்கல."

அவர் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இனி முத்துக்கனி போகமாட்டாள்லா?"

"மேடையில நீங்க எங்கன இருப்பீங்க?"

"எங்கன இருப்பேன்? அவ பக்கத்துலதான். முழங்கை இடிக்கிற தூரத்துல நாற்காலி. எங்கன மூச்சு எடுக்கணும், எங்கன நிறுத்தணும், எல்லாம் காதுலயே சொல்லிருவேன். பாட்டு முடியுமுன்னாலயே அடுத்த பாட்டையும் சொல்லிருவேன். ஒண்ணுகூட விடமாட்டேன்."

மெற்றில்டா மேசையிலிருந்த திருப்புளியை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

"இது எதுக்கு, டீச்சர்? அதான் இறக்கியாச்சே?"

மெற்றில்டா அதற்குள் கம்பி சுற்ற அமர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்தி. அம்மன் கோயில் முன்னே மேடை. சுயம்புலிங்கம் தம் வழக்கமான நாற்காலியில், முத்துக்கனியின் இடப்பக்கம் அமர்ந்தார்.

முதல் பாட்டின் தொடக்கத்தைக் கிட்டார் எடுத்தது. முத்துக்கனி ஒரு கணம் கிட்டாரைப் பார்த்தார். புருவம் தளர்ந்தது. பாடத் தொடங்கினார்.

சுயம்புலிங்கம் தலையைச் சாய்த்தார். "மூச்சு எடு" என்றார்.

குரல் கோணியது.

கிட்டார் நேராக நின்றது. குரல் அதன்மேல் உரசிப் புரண்டது. இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதது போல் இருந்தது.

அந்த ஒலி அவருக்குத் தெரியும். அவர் குனிந்து பிக்கப்பைப் பார்த்தார். அது இறக்கிய இடத்தில்தான் இருந்தது.

குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த திருப்புளி நெஞ்சில் குத்தியது.

பாட்டு முடிந்ததும் சுயம்புலிங்கம் எழுந்தார். ஒரு கையில் கிட்டாரும் மறு கையில் நாற்காலியுமாகப் பின்னால் நடந்தார். வயர் எட்டிய மட்டும் சென்று, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்.

விழாக் குழுவினர் ஒருவர் மேடையோரத்திலிருந்து பதறினார்.

"அண்ணாச்சி, எங்கன போறீங்க? அங்கன உக்காந்தா போட்டோவுல விழமாட்டீங்க!"

"விழாட்டா பரவாயில்ல. அவ தெரிஞ்சாப் போதும்."

இரண்டாம் பாட்டு தொடங்கியது. மூச்சு எடுக்கும் இடம் வந்தது. சுயம்புலிங்கத்தின் உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. முத்துக்கனி அந்த இடத்தில் மூச்சு எடுக்கவில்லை. அதைத் தாண்டி, இன்னும் ஓர் அடி பாடி, தமக்கு வேண்டிய இடத்தில் எடுத்தார். சுயம்புலிங்கத்தின் விரல்கள் காத்திருந்து, அவரைப் பின்தொடர்ந்தன.

கூட்டத்தில் பேச்சு அடங்கியது.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டின் பெயரைக் கேட்க, முத்துக்கனி வழக்கப்படி இடக்காதைச் சாய்த்தார். அங்கே யாரும் இல்லை. அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

சுயம்புலிங்கம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"என்ன தாயி, கிட்டாரு கேக்கலையா? பக்கத்துல வரட்டா?"

"நல்லாக் கேக்குது. அடுத்த கொடைக்கும் நாற்காலியை அங்கனயே போடச் சொல்லுங்க, அண்ணாச்சி."