கத்துகிற போர்டு

தணிகாசலம் கையளவு சர்க்யூட் போர்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேடம், போர்டை ஓட்டற ஃபர்ம்வேரைப் பிழையே காட்டாம எப்படிங்க பண்றது?"

மங்கையர்க்கரசி சால்டரிங் அயர்னைத் தாங்கியில் நிறுத்தினார். பீளமேட்டில் ஒரு பம்புக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய பட்டறை. அவரைவிட மூத்தவர்களும் அங்கே மாணவர்கள்தான். மோட்டார் காயில் கட்டுவதை விட்டுவிட்டுப் பைத்தான் நிரல்மொழி கற்க வந்த தணிகாசலமும் அவர்களில் ஒருவர்.

"அதைத்தானே பண்ணிக் கொண்டுவந்திருக்கீங்க," என்றார் மங்கையர்க்கரசி.

தணிகாசலத்துக்குக் காது மடல்கள் சுட்டன.

அந்தப் போர்டு, கோழி வளர்க்கிற பவளக்கொடியின் இன்குபேட்டரில் இருந்தது. நாட்டுக்கோழி முட்டைகளை அடைகாக்கிற பெட்டி அது. சென்சார் சொல்கிற சூட்டைப் பார்த்து ஹீட்டரை எரியவிடுவதும் அணைப்பதும் போர்டின் வேலை. சென்சார் வாயடைத்தால் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கத்தும்படிதான் தணிகாசலம் முதலில் நிரல் எழுதியிருந்தார். அவளுடைய பண்ணையின் திறப்பு விழாவன்று, விருந்தினர் நடுவே, ஒரு தளர்ந்த ஒயரால் அது கத்தித் தொலைத்தது. யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வரி சேர்த்தார். சென்சார் பேசாவிட்டால் பழைய சூட்டளவையே வைத்துக்கொண்டு மேலே போ. அவ்வளவுதான்.

போன வாரம் அதே ஒயர் மறுபடி தளர்ந்தது. போர்டு கத்தவில்லை. பழைய அளவை நம்பி ஹீட்டரை எரியவிட்டது. முட்டைகள் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோயின.

"நிரலைத் தனிக் கோப்பாக விடாமல் ஃபர்ம்வேருக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கீங்க. எதற்கு?"

"வேகமா ஓடும்னுங்க..."

"வேகமா?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார். உள்ளே வைத்துக் கட்டிவிட்டால் அந்த இரண்டு வரியை யாரும் திறந்து படிக்க முடியாது.

மங்கையர்க்கரசி இழுப்பறையிலிருந்து புதிய போர்டு ஒன்றை எடுத்தார். "அந்த இரண்டு வரியை நீக்கிவிட்டு மறுபடி கட்டுங்க. இதில் ஏற்றலாம்."

தணிகாசலம் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். நிரலை ஃபர்ம்வேராக மாற்றும் கட்டுமானம் தொடங்கியது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் போயின. அப்போது போன் அடித்தது. எடுக்கும் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டார்.

"அண்ணா, பவளக்கொடி பேசறேனுங்க. நீங்க சொன்னது சரிதானுங்க."

"எ... எதுங்கம்மா?"

"கதவைத் தொறந்து தொறந்து மூடினா சூடு தாறுமாறாப் போயிரும்னு சொன்னீங்கல்ல? நாந்தானுங்க அடிக்கடி தொறந்து பார்த்தேன். ஆசைதான், வேறென்ன. பொறுமையே இல்லாத பொம்பளைன்னு எங்க வீட்டுக்காரர் கூட ஏசிட்டே இருக்கார். உங்க மேல கோவப்பட்டுப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

தணிகாசலம் ஸ்பீக்கரை அணைக்கத் திரையைத் தடவினார்; அது அணையவில்லை.

"போர்டை மாத்தித் தந்தீங்கன்னா பொழுது சாயறப்போ அடுத்த முட்டை வெச்சிருவேனுங்க. இந்தத் தடவை கதவுக்குப் பூட்டே போட்டுடறேன். சாவியை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடறேனுங்க!"

அவள் தன்னையே கேலிசெய்துகொண்டு சிரித்தாள்.

"அப்புறம் கூப்பிடறேங்கம்மா," என்று வைத்தார்.

மங்கையர்க்கரசி திரையைப் பார்த்து, "கட்டி முடிஞ்சாச்சு," என்றார்.

தணிகாசலம் போர்டின் சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகினார். பொத்தான் நழுவியது. மறுபடி செருகினார். புதிய ஃபர்ம்வேர் ஏறியது. இரண்டு போர்டுகளையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சென்சாரை மாட்டினார் மங்கையர்க்கரசி. பிறகு இரண்டின் ஒயரையும் ஒருசேர உருவினார்.

பழைய போர்டு அமைதியாக இருந்தது. திரையில் அதன் பழைய சூட்டளவு அழகாக நின்றது.

புதிய போர்டு வீலென்று கத்தியது.

"திரையில் இருக்கிறதை வாய்விட்டு வாசிங்க." அந்த மேசையின் வழக்கம் அது. பிழையைக் கொண்டுவந்தவரே உரக்க வாசித்தாக வேண்டும்.

"சென்சார்... பதில் தரவில்லை. ஹீட்டர் அணைக்கப்பட்டது."

"கடைசியில் உள்ள எண்?"

"எந்த வரியில் பிழைன்னு சொல்லுதுங்க."

மங்கையர்க்கரசி போர்டின் கத்தலை நிறுத்தினார். "பவளக்கொடியின் பெட்டிக்கு எதைக் கொண்டுபோறீங்க?"

தணிகாசலத்தின் கை யோசிக்கவே இல்லை. கத்திய போர்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது.

வாசல்வரை போனவர் நின்றார்.

"மேடம், பேசாம இதை மாத்திட்டு வந்துடறேனே. முட்டை நல்லபடியாப் பொரிச்சிரும். அவங்களுக்கு வேறெதுவும் தெரிய வேண்டாமுங்க."

"அவங்க கதவுக்குப் போடப்போற பூட்டு?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"எம்மேலதான் தப்புன்னு சொல்லிட்டா," என்றார் மெல்ல, "அப்புறம் என்னை யாருங்க நம்புவாங்க?"

மங்கையர்க்கரசி சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தார்.

"மேசையில் இரண்டு போர்டு இருந்தது. அமைதியா இருந்ததை விட்டுவிட்டு, பிழையைக் கத்திச் சொன்னதை ஏன் நம்பி எடுத்தீங்க?"