ஸ்பிரிங்கும் முதலாளி கழுத்தும்

மில் முதலாளி தெய்வசிகாமணியின் பழங்காலக் காரில் இன்ஜினை மூடும் பானெட்டைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன. போன வாரம் மில் ஷெட்டில் பானெட் விழுந்து எங்கள் மெக்கானிக் ஒருவரின் விரல் நசுங்கியது.

"பழைய கார் கண்காட்சியில அசல் சாமானுக்குத்தான் பரிசு. ஸ்பிரிங்கை மாத்தாம இன்ஜினைப் பாரு. பயமா இருந்தா வேலையை விட்டுப் போ" என்றார் முதலாளி, இன்னொரு மெக்கானிக்கான சவரிமுத்துவிடம்.

சவரிமுத்து பானெட்டைத் திறந்தார். "சரிங்க. கண்காட்சியில இன்ஜின் நம்பரைக் கேட்டா நீங்கதானே சொல்லணும்? குனிஞ்சு ஒருக்கா பாத்துக்குங்க."

குனிந்த முதலாளி பாதியில் நின்றார். "முதல்ல ஒரு கட்டையை முட்டுக் கொடுடா."

"எதுக்குங்க? ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்குது?"

ஷெட்டில் இருந்த இருபது பேரும் வேலையை நிறுத்திவிட்டு முதலாளியையே பார்த்தோம்.

"மாத்தித் தொலை" என்றார்.

எங்கள் விரலுக்கு வராத இரக்கம் அவர் கழுத்துக்கு வந்தது. வந்தவரை லாபம். அன்று சாயங்காலமே புது ஸ்பிரிங் மாட்டி, சவரிமுத்து பானெட்டுக்குள் நிம்மதியாகத் தலையை விட்டார்.