பந்தியில் சொல்ல வேண்டிய சேதி

"என் உடம்பு என்னோடதா, இல்ல சர்க்காரோடதா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

ஆவுடையப்பன் கேட்டார். கேட்ட தோரணையைப் பார்த்தால் பதிலையும் அவரே கையோடு கொண்டுவந்திருப்பார் போலிருந்தது.

உலகம்மாள் அம்மா மடத்து முற்றத்தில் உட்கார்ந்து பூசைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உங்களோடதுதான் அண்ணாச்சி."

"அப்ப எனக்கு ஊசி வேண்டாம்."

"வேண்டாம்."

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சுளுவாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"அடுப்படியும் வேண்டாம்," என்றார் அம்மா.

எடுத்து வைத்த கால் அப்படியே நின்றது.

தென்காசிப் பக்கத்துச் சின்ன மடம் அது. தினமும் மத்தியானம் எழுபது எண்பது இலை விழும். வருசத்துக்கு ஒரு நாள், மடத்தை நடத்திவந்த பெரிய சாமியின் குரு அடங்கிய நட்சத்திரத்தில், குருபூசை. அன்றைக்கு மூவாயிரம் பேர் சாப்பிடுவார்கள். இருபத்தேழு வருசமாக அந்த அடுப்பை ஆண்டவர் ஆவுடையப்பன். உயிர் இருக்கும்வரை குருபூசைச் சாம்பாரை என் கையால்தான் இறக்குவேன் என்று பெரிய சாமியின் காலைத் தொட்டுச் சொன்னவர். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. அம்மாவுக்கு முப்பத்தாறு. பெரிய சாமி கண்ணை மூடும்முன், தனக்குப் பிறகு மடத்துக்கு இந்தப் பெண்ணைக் கை காட்டிவிட்டுப் போனபோது, ஆவுடையப்பன் ஒரு மாதம் முறைத்துக்கொண்டே திரிந்தார். பிறகு என்ன ஆயிற்றோ, ஒரு நாள் தானாகவே போய் அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து எதுவானாலும் அம்மாவிடம்தான் கேட்பார். பிடிவாதத்தை மட்டும் அவர் காலடியில் வைக்கவில்லை. அது அவரிடமே பத்திரமாக இருந்தது.

போன வருசம் இரண்டு ஊர் தள்ளி ஒரு கோயில் விருந்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு டைபாய்டு. அதனால் இந்த வருசம் சுகாதாரத் துறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பெரிய பந்திக்குச் சமைக்கிறவர்கள் எல்லாரும் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குருபூசைக்கு இன்னும் பதினாறு நாள்.

காலையிலேயே ஜெபமணி நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வந்து, வாசல் புன்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்படி ஆட்கள் பதினோரு பேரும் போட்டுக்கொண்டு புஜத்தைத் தேய்த்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டாவது ஆள் இங்கே நின்றுகொண்டிருந்தார்.

"உடம்பும் என்னோடதுங்கீங்க, அடுப்படிக்கும் வராதங்கீங்க. அப்ப இது என்ன நியாயம்?"

அம்மா ஒரு குத்துவிளக்கை எடுத்துக் கவிழ்த்து அடியைத் தேய்த்தார்.

ஆவுடையப்பன் விடவில்லை. இத்தனை வருசத்தில் ஒரு காய்ச்சல் என்று படுத்ததில்லை என்றார். நல்லா இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து என்றார். நர்ஸம்மா சொன்னதையும் மறைக்காமல் சொன்னார்: காய்ச்சலே இல்லாத ஆள் உடம்பிலும் அந்தக் கிருமி இருக்கலாமாம், கை வழியாகச் சோற்றில் கலக்கலாமாம், சமைக்கிறவனுக்கே தெரியாதாம். கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கியது.

"போட்டுக்கிடுங்க அண்ணாச்சின்னு கேட்டிருந்தா போட்டிருப்பேம்மா. போட்டே ஆகணும்னாங்க. அதான்."

உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வந்தது. அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்தவர் எழுந்தார். புளியும் களிம்பும் வழிகிற கையோடு, இடுப்பில் செருகிய ஈரச் சேலையோடு, நேராக அடுப்படியைப் பார்த்து நடந்தார்.

ஆவுடையப்பன் பதறிப்போய் முன்னால் ஓடினார். அறுபத்தொரு வயதில் அப்படி ஓடுவார் என்று யாருக்கும் தெரியாது. நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வாசலை மறித்தார்.

"பாத்திரம் தேய்ச்ச அழுக்கோட உள்ள வரப்படாதும்மா. குளிச்சிட்டு வாங்க."

"குளிச்சே ஆகணுமா?"

"ஆகணும்."

"என் உடம்பு, அண்ணாச்சி."

உள்ளே ஒருத்தர் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஆனால் ஆவுடையப்பன் அப்படி ஒரே அடியில் விழுகிற ஆள் இல்லை. கையை நிலையிலிருந்து எடுக்காமலே யோசித்தார்.

"அது வேறம்மா. குளிச்ச தண்ணி மேலோட ஓடிரும். ஊசி உள்ள போவுது. போனத யாரும் எடுக்க முடியாது. மேல ஊத்துத தண்ணிக்கும் உள்ள ஏத்துத மருந்துக்கும் வித்தியாசம் இல்லையா?"

"இருக்கு," என்றார் அம்மா. "நீங்க சொல்லுதது சரி. ரெண்டும் ஒண்ணில்ல."

சொல்லிவிட்டு, வாசல்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றார்.

ஆவுடையப்பனுக்கு இது பெரிய ஏமாற்றம். மறுத்துப் பேசினால் மல்லுக்கு நிற்கலாம். சரி என்கிறவரிடம் எப்படி நிற்பது? வென்றுவிட்டோமா தோற்றுவிட்டோமா என்றே அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப என்னய அடுப்படிக்கு விடுங்க."

"விடுதேன். ஒரு காரியம் செய்யணும்."

"சொல்லுங்க."

"இன்னைக்குப் பந்தியில நீங்களே பரிமாறுங்க. ஒவ்வொரு இலைக்கு முன்னாலயும் நின்னு சொல்லணும். சமைச்சது நான், ஊசி போட்டுக்கலை, போடவும் மாட்டேன்னு. நர்ஸம்மா என்ன சொன்னாங்கங்கதையும் சொல்லணும். விருப்பம் இருக்கவங்களுக்குப் போடுங்க. இல்லாதவங்கள வற்புறுத்தக் கூடாது."

"எத்தன இலைக்கு?"

"கடைசி இலை வரைக்கும். கடைசி இலை என்னோடது. அதையும் நான் சாப்பிட்டு எந்திரிச்சிட்டா, குருபூசைக்கு நீங்கதான் அடுப்படியில. சுகாதார ஆபீசருக்கு முன்னால நான் போய் நிக்கேன்."

ஆவுடையப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரிம்மா," என்றார். அவர் முணுமுணுத்து ஏமாற்றுகிற ஆள் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒளிக்க என்ன இருக்கிறது என்ற தெம்பில்தான் அவர் போய் இலைக்கட்டைப் பிரித்தார்.

அம்மா கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

பந்தி உட்கார்ந்தது. சோறு விழுந்ததும் ஆவுடையப்பன், காலையிலேயே தான் சமைத்து இறக்கியிருந்த சாம்பார் வாளியோடு முதல் இலைக்கு வந்தார். அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கோமதிநாயகம், இருபது வருசமாக வருகிறவர். ஆவுடையப்பன் சொல்ல வேண்டியதை முழுசாகச் சொன்னார். கோமதிநாயகம் சிரித்தார். உம்ம சாம்பாரைத் தின்னுட்டுச் செத்தா நேரா மோட்சம்தான், ஊத்தும் என்றார்.

ஆவுடையப்பன் ஊற்றினார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா வரிசையின் கோடியில், குளித்த ஈரத் தலையோடு, இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது இலையில் வெளியூர்க்காரர் ஒருவர், குற்றாலம் போகிற வழியில் இறங்கியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று விசாரித்தார். கழுவினேன் என்றார் ஆவுடையப்பன். அப்படியென்றால் போடுங்கள் என்றார் அவர்.

மூன்றாவது இலையில் உரக் கம்பெனி ஏஜெண்ட். விசயத்தைக் கேட்டதும் மரியாதையாக எழுந்துவிட்டார். தப்பாக நினைக்காதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் ஓட்டலில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருபத்தேழு வருசத்தில் அவர் சோற்றை வைத்துவிட்டு எழுந்தவர் கிடையாது. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டார். இதுதானே நாம் கேட்டது. வேண்டுமென்றவர் சாப்பிட்டார், வேண்டாமென்றவர் போனார். யாரையும் யாரும் பிடித்து அழுத்தவில்லை. உலகம் முழுக்க இப்படி நடந்தால் யாருக்கு என்ன குறை?

வாளியைத் தூக்கிக்கொண்டு நாலாவது இலைக்கு வந்தார்.

அங்கே மாடத்தி. செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள். மழையில் சூளை நின்று இரண்டு வாரமாக, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் இங்கேதான் வருகிறாள். இருவருக்கும் சேர்த்து ஒரே இலை போட்டிருந்தாள்.

ஆவுடையப்பன் சொன்னார். நாலாவது தடவை என்பதால் வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

மாடத்தி கேட்டாள். "அந்தக் காய்ச்சல் பிள்ளைகளுக்கும் வருமா அண்ணாச்சி?"

அவர் பொய் சொல்லவில்லை. "வரும்னுதான் நர்ஸம்மா சொல்லுதாங்க."

மாடத்தி இரண்டு கையையும் விரித்து இலையை மூடினாள்.

"சரி தாயி. வேண்டாம்னா தப்பில்ல. அது உன் விருப்பம்."

அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். நகர்ந்தவர் காதில் ஒன்றும் விழாததால் திரும்பிப் பார்த்தார். பைக்கும் கிளம்பவில்லை, ஆளும் எழவில்லை. மாடத்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் தாயின் விரல்களுக்கு நடுவே தெரிந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடத்தி ஒரு கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கையையும் எடுத்தாள்.

"ஊத்துங்க அண்ணாச்சி."

"இப்பத்தான வேண்டாம்ன?"

"வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு வேற அடுப்பு இருக்கணும்லா."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

ஆவுடையப்பன் கரண்டியை வாளிக்குள் விட்டார். கரண்டி மேலே வரவில்லை. சாம்பாரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுவிய பருப்பு, அவர் நறுக்கிய காய், அவர் கரைத்த புளி. பெருங்காயம் மணந்தது. பந்தியில் மற்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோமதிநாயகம்கூடக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

வாளியைத் தரையில் வைத்தார். காய் நறுக்குகிற பேச்சியைக் கூப்பிட்டு, உள்ளே புதுசாக உலை வைக்கச் சொன்னார். அரிசியை நீயே களைந்து போடு, ரசம் வை, இந்த இலைக்கு முதலில் கொண்டு வா என்றார். நீங்க வரலையா அண்ணாச்சி என்று பேச்சி கேட்டாள்.

"நான் குருபூசை வரைக்கும் அடுப்படிக்கு வரல. வெறகு பொளந்து தாரேன்."

வரிசையின் கோடிக்கு அவர் போகவே இல்லை. அம்மாவின் இலை வெறும் சோற்றோடு காத்திருந்தது.

வெளியே ஜெபமணி நர்ஸ் ஐஸ் பெட்டியை மூடி, பையை மாட்டிக்கொண்டு எழுந்திருந்தார். ஆவுடையப்பன் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்படி ஆளுக்குச் சட்டை ஏது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திரும்பத் திறந்தார்.

"மனசு மாறிட்டா அண்ணாச்சி?"

"மாறல."

பஞ்சை நனைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "பின்ன? மனசில்லாத ஆளுக்கு எப்படிப் போட? யாரும் கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமா."

"யாரு, அம்மாவா?"

ஆவுடையப்பன் இல்லையென்று தலையாட்டினார்.

"நாலாவது இலைக்காரி."