நீர் ஏறக் கூடாது

அலைவாய்ப் பட்டினத்து ராஜா கோதண்டவர்மனுக்குப் புதுக் கப்பல் கட்டி முடித்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. தீவுக் கோயில் தேர்த் திருவிழாவுக்கு அரண்மனையார் மட்டுமல்ல, ஊர் ஜனமும் அதிலேயே வரலாம் என்று பறையறைந்துவிட்டார். ஜனங்களும் கட்டுச்சோறும் கூஜாவுமாகத் துறைமுகத்தில் குவிந்துவிட்டார்கள்.

கப்பலில் ஏறப் போட்டிருந்த பலகைப் பாலத்தின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது: "கரையிலிருந்து நீர் ஏறக் கூடாது."

அதை எழுதி மாட்டியவர் செண்பகராயர். ராணியின் தம்பி, கப்பல் அதிகாரி. போதாக்குறைக்கு, கப்பலுக்குள் இருந்த பானகக் கடையும் அவருடையதே. கூஜா, சொம்பு, சுரைக்குடுவை எதையும் அவர் விடவில்லை. இளநீரைக்கூடப் பிடுங்கி, "பெயரிலேயே நீர் இருக்கிறதே!" என்று கடலில் வீசினார்.

வலை பின்னும் முத்தாயி காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்திருந்தாள். தீவுக் கோயிலில் அதற்கு ஒரு வேண்டுதல். குழந்தைக்காகச் சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். அதையும் வாங்கிக் கடலில் கவிழ்த்தார் செண்பகராயர்.

அரசவை விகடகவி பூவராகன் அதைப் பார்த்துவிட்டு முன்னே வந்தான். "குழந்தைக்கு வைத்த தண்ணீர் ஐயா அது!" என்றான்.

"நீ யாரடா கேட்க? உள்ளே கடை இருக்கிறது, வாங்கிக் குடிக்கட்டும்."

கடையில் விற்ற மோரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பானகமோ, வெல்லம் என்ற சொல்லை யாரோ அதன் பக்கத்தில் நின்று உச்சரித்த மாதிரி இனித்தது. விலையைச் சொன்னால் மட்டும் உடனே நாக்கு வறண்டுவிடும். பூவராகன் தன் காதுக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து ஒரு குவளை மோர் வாங்கி, முத்தாயியிடம் கொடுத்துவிட்டு, நேரே மேல்தளத்துக்குப் போனான். அங்கே ராஜா சாய்ந்தபடி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அரசே, கீழே ஜனங்கள் தாகத்தில் தவிக்கிறார்கள்."

"எல்லாம் என் பாதுகாப்புக்காகப்பா! வெளித் தண்ணீரில் எவனாவது நஞ்சு கலந்துவிட்டால்? மைத்துனர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்."

"தாங்கள் குடிக்கிற இளநீர்?"

"இது அரண்மனைத் தோப்பு இளநீர்" என்றார் ராஜா. "அந்த அறிவிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். போ."

"மாற்ற வேண்டாம் அரசே. எழுதியபடியே நடக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான் பூவராகன்.

தேர் நிலைக்கு வந்தது, திருவிழா முடிந்தது. தீவில் ஓர் ஊற்று உண்டு; கற்கண்டாய் இனிக்கும். ஊருக்குத் திரும்பும்போது ஜனங்கள் ஆசையாகக் குடம் குடமாக மொண்டு வந்தார்கள். செண்பகராயர் பாலத்தடியில் நின்று ஒரு குடம் விடாமல் கடலில் கொட்டினார். முத்தாயியின் கூஜாவும் தப்பவில்லை. எல்லோரும் ஏறியாயிற்று. கடைசிக் குடத்தையும் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் பாலத்தில் கால் வைத்தார்.

மேல்முனையில் பூவராகன் வழிமறித்து நின்றான்.

"நீர் ஏறக் கூடாது!"

"என் கையில்தான் ஒன்றும் இல்லையே?"

"கையில் இருப்பதைப் பற்றி நான் பேசவில்லை. நீர்... ஏறக் கூடாது. உம்முடைய அறிவிப்புதான். படித்துப் பாரும்."

செண்பகராயருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. ஜனங்களுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. தாகத்தையும் மறந்து சிரித்தார்கள். சத்தம் கேட்டு ராஜா கையில் இளநீரோடு மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அரசே! இந்தக் கோமாளி என்னைக் கரையில் நிறுத்துகிறான்!"

"நான் எங்கே அரசே நிறுத்துகிறேன்? எழுத்து நிறுத்துகிறது. ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

ராஜா அறிவிப்பை வாய்விட்டுப் படித்தார். மீசை துடித்தது. "ஆமாம் மைத்துனரே, நீர் ஏறக் கூடாது என்றுதான் இருக்கிறது."

"மீறி ஏறினால்?" என்று செண்பகராயர் உறுமினார்.

"மீறி ஏறிய நீரை என்ன செய்வது என்று நீரே காட்டிக்கொடுத்திருக்கிறீரே. கடலில் கொட்டிவிடுவோம்" என்றான் பூவராகன்.

பக்கத்தில் நின்ற மாலுமிகள் ஆசையாகக் கையைத் தேய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதே கடை, அதே மோர். செண்பகராயருக்கு நீச்சல் தெரியாது. வைத்த காலை எடுத்துக்கொண்டார். சட்டென்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குரலில் தேன் வழிந்தது.

"பூவராகரே! அப்படிப் பார்த்தால் நீரும்தானே ஏறக் கூடாது? இறங்கும் கீழே!"

ஜனங்கள் பூவராகனைத் திரும்பிப் பார்த்தார்கள். பூவராகன் கண்ணை மூடி அந்த மரியாதையை ஒரு கணம் அனுபவித்தான்.

"ஆகா! இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் உம் வாயில் எனக்கு ஒரு 'நீர்' வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதம் ஐயா. கரையில் இருந்தவரைக்கும் நான் உமக்கு வெறும் 'நீ'தான். ஏறும்போதும் 'நீ'யாகத்தான் ஏறினேன். 'நீர்' ஆனது இப்போது, கப்பலுக்குள் வந்த பிறகு. கப்பலுக்குள்ளேயே கிடைக்கிற நீருக்குத்தான் இங்கே தடையில்லையே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிவிட்டது. நழுவியதை எடுக்கக் குனிந்தபோதுதான் பாலத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்தாயி அவர் கண்ணில் பட்டாள். மடியில் குழந்தை காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. ராஜாவின் சிரிப்பு நின்றது. தன் கையிலிருந்த இளநீரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாமே இறங்கி வந்து அதை முத்தாயியிடம் நீட்டினார்.

"பூவராகா, பானகக் கடைச் சாவி இனி உன்னிடம் இருக்கட்டும். அங்கே யாருக்கும் விலை சொல்லாதே. மாலுமிகளே, கரைக்குப் போய் எல்லோருக்கும் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவாருங்கள்."

"அறிவிப்பைக் கழற்றிவிடலாமா அரசே?"

"அவசரப்படாதே. முதலில் அதிகாரி ஏறட்டும்" என்றார் ராஜா.

செண்பகராயருக்கு உயிர் வந்தது. "அறிவிப்பு அங்கேயே இருந்தால் நான் எப்படி அரசே ஏறுவது?"

ராஜா பாலத்தின் முனைக்கு வந்து நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சானை ஒருதரம்கூட மரியாதை குறைத்து அழைக்காதவர், வாய் நிறையக் கூப்பிட்டார்:

"அதற்கென்ன மைத்துனா, நீ ஏறி வாடா!"